அண்ணனின் கையெழுத்து

"அண்ணனைப் பார்க்க முடியாது சார்."

தையல்காரம்மா வாசல் நிலையை மறித்துக்கொண்டு சொன்னாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

கேலரிக்காரருக்குச் சுருக்கென்றது. நாலு மாடி ஏறி வந்த மூச்சே இன்னும் அடங்கவில்லை.

"நாலு மாசமா இதையேதான் சொல்றீங்க. லீவு நாளாப் பார்த்துத்தானே வந்திருக்கேன்? வெள்ளிக்கிழமை கண்காட்சி. போஸ்டர் ஒட்டியாச்சு. பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டாச்சு. ஓவியர் முகத்தை நானே பார்த்ததில்லைன்னு தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?"

"அவருக்குக் கூச்சம் சார். பல்பு கம்பெனியில அட்டைப் பெட்டி மடிக்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவார். படம் போடுவார், தூங்குவார். அவ்வளவுதான்."

அந்தப் படங்கள்தான் கேலரிக்காரரின் தூக்கத்தைக் கெடுத்திருந்தன. பிரித்த அட்டைப் பெட்டியில் கறுப்பு மையால் வரிசை வரிசையாக மனிதர்கள். எதற்கோ காத்து நிற்கிறார்கள். பின்னால் ஒரு கட்டடமாவது நேராக நிற்க வேண்டுமே, இல்லை. முதல் படத்தைப் பார்த்ததுமே, "இந்தக் கோணல் படிச்சவனுக்கு வராது" என்று சொல்லிவிட்டார்.

மழைக்குக்கூட ஓவியக் கல்லூரிப் பக்கம் ஒதுங்காத ஒருவரைத் தேடி அவர் மூன்று வருஷமாக அலைந்துகொண்டிருந்தார். இப்போதெல்லாம் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் கூட்டம் வருகிறது. தேடிப் போன மூலிகை காலில் சிக்கிய மாதிரி, கோட்டுக்குப் பொத்தான் தைக்கக் கொடுத்த இடத்தில் அந்த அட்டை கண்ணில் பட்டது.

"சரிம்மா, முகத்தைக் காட்ட வேண்டாம். இந்தப் படிவத்துல கையெழுத்தாவது போடட்டும். 'யாரிடமும் ஓவியம் பயின்றதில்லை'ன்னு உறுதிமொழி. என் கண் முன்னால போடணும், அது எங்க விதி."

"குடுங்க, நானே வாங்கிட்டு வரேன்."

படிவத்தைக் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கேலரிக்காரர் தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். உயரம் குறைக்க வந்த பேன்ட்கள் பக்கத்தில் குவிந்து கிடந்தன. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"அண்ணே, சார் வந்திருக்கார். இங்க ஒரு கையெழுத்து போடேன்... அங்க இல்ல, இந்தக் கோட்டு மேல..."

பதிலுக்கு ஒரு முனகல்கூட இல்லை.

அவருக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. வாயில்லாப் பூச்சி ஒருவரை அறைக்குள் அடைத்துவைத்து, அவர் திறமையில் தங்கச்சி குளிர்காய்கிறாள். ஒரு கலைஞனை இப்படிக் கசக்கிப் பிழிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவர் மனசு இடம் கொடுக்கவில்லை. விறுவிறுவென்று போய்க் கதவைத் தள்ளினார்.

அறையில் கட்டில் இல்லை. மேஜை நிறைய மைப் புட்டிகள், தூரிகைகள். ஓரமாகப் பிரித்த அட்டைகள். நடுவில் அவள், கையில் பேனாவோடு சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"அண்ணன் எங்கே?"

"அண்ணனே கிடையாது சார். நான் வீட்டுக்கு ஒரே பொண்ணு."

"அப்போ இந்தப் படமெல்லாம்?"

"நான் போட்டது. ஓவியக் கல்லூரியில அஞ்சு வருஷம் படிச்சேன். வகுப்புலயே முதல்."

"படிச்சவங்களா? அப்போ இந்தக் கோணல்?"

"அதை வரவழைக்க ரெண்டு வருஷம் ஆச்சு சார். இடது கையாலகூடப் போட்டுப் பார்த்தேன். சனியன், அதுவும் நேராவே வந்துச்சு."

கேலரிக்காரர் அட்டைக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பதினோரு வருஷத்துல உங்க கேலரிக்கு ஏழு தடவை படத்தைத் தூக்கிட்டு வந்திருக்கேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. கடைசித் தடவை, 'கை நல்லாத்தான் இருக்கு, ஆனா உன்கிட்ட ஒரு கதை இல்லையேம்மா'ன்னீங்க. அதான் கதையையும் சேர்த்துப் பண்ணிக் கொண்டுவந்தேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"பொய் சொன்னது தப்புதான், மன்னிச்சிடுங்க. என் படம் ஒரு தடவையாவது உங்க சுவர்ல தொங்கணும், எனக்கு வேற ஆசையே இல்லை. அதே படத்தை என் பேர்ல மாட்டிடுங்களேன் சார். படம் ஒண்ணும் மாறலையே?"

கேலரிக்காரர் யோசித்தார். ஊர் முழுக்க ஒட்டிய போஸ்டரை நினைத்தார். திறப்பு விழாவுக்காக எழுதி, கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடமே செய்து வைத்திருந்த அரை மணி நேரப் பேச்சை நினைத்தார். அதற்குத் தலைப்பு, 'பொய் கலக்காத கை'.

"உங்க பேர்லயா?" என்றார், நிஜமான பரிவோடு. "அதைப் பார்க்க யாரும்மா வருவாங்க?"



அவர் எழுந்து படிவத்தையும் பேனாவையும் அவள் கையிலிருந்து வாங்கினார். ஓவியர் கையெழுத்து என்ற இடத்தில் தானே ஒரு கிறுக்குக் கிறுக்கினார். மடித்துப் பையில் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்:

"சார், படம் ஒவ்வொண்ணும் பிரமாதம். மாசக் கடைசிக்குள்ள இன்னும் ஆறு வேணும். யார் வந்து தட்டினாலும் கதவைத் திறக்காதீங்க, தங்கச்சி பார்த்துக்குவாங்க."