அவர் வைத்த குழம்பு

ஜெயராணி எடை மெஷினில் ஏறி நின்றாள். போன மாதத்தைவிட நான்கு கிலோ கூடியிருந்தது.

“எடை குறைக்கிற ஆபரேஷனுக்கு முன்னாடியே கொஞ்சம் குறைஞ்சிருக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல?” பெரம்பலூர் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் வெற்றிச்செல்வி கேட்டாள்.

“ஒரு மாசமா சமையலே நாந்தான் மேடம். இவ அடுப்படிப் பக்கமே வர்றதில்ல. எப்படிக் கூடுதுன்னே தெரியல,” என்றான் கணவன் செபஸ்டின்.

வெற்றிச்செல்விக்கும் புரியவில்லை. அவனை வெளியே உட்காரச் சொன்னாள்.

“ஒளிச்சு வச்சு என்ன சாப்பிடுறீங்க, ஜெயராணி?”

“அவரு ஆக்குனதைத்தான் மேடம்.” குரல் தாழ்ந்தது. “ஒரு நாள் உப்பு கரிக்கும், ஒரு நாள் புளி தூக்கும். பிள்ளைங்க தொடாதுங்க. அவரு வயலுக்குப் போனதும் மிச்சம் வைக்காம நானே தின்னுடுவேன்.”

“நல்லா இல்லாததை எதுக்கு?”

“மிச்சத்தைப் பாத்தா மனசு விட்டுப்போயி சமைக்கிறதையே நிறுத்திடுவாரு. மயக்க ஊசி போட்டு நான் எந்திரிக்கலன்னா, பிள்ளைங்களுக்கு யாரு சோறாக்குவா?”

வெற்றிச்செல்வி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். செபஸ்டினைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“ஆபரேஷன் முடிஞ்சு வூட்டுக்கு வந்தா இவங்களுக்குக் கஞ்சித் தண்ணிதான். மொதல்ல அதைக் கத்துக்குங்க,” என்றாள் வெற்றிச்செல்வி.

“நாளைக்கே வச்சுப் பாக்குறேன் மேடம்.”

ஜெயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அடிப்பிடிக்க விட்டுருவீங்க. நான் திரும்பி வந்து, பக்கத்துல நின்னு சொல்லித் தரேன்.”