தங்கத்தின் வெட்கம்

கண்ணுக்கே தெரியாத தங்க நானோ துகள் தனியாக இருந்தால், ஒளி பட்டதும் பச்சையாக மின்னும். இன்னொரு துகள் ஒட்டினாற்போல் பக்கத்தில் இருந்தால் சிவக்கும். இதைப் பேராசிரியர் ஒரு மணி நேரம் முழங்குவார். அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த மனைவி, "பக்கத்துல ஆள் வந்தா வெட்கப்படுது. இதுக்கு எதுக்குங்க மைக்கு?" என்பாள்.

அவள் கடைசியாகச் செய்த ஜோடித் துகள் ஒரு கண்ணாடித் தகட்டில் இருந்தது. அவள் இறந்த பிறகு, அதைக் கழுவுகிறேன் பேர்வழி என்று அவரே ஒரு துகளைத் தொலைத்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் பார்க்கும் பெண் மறுநாள் தயங்கித் தயங்கி வந்தாள். "சார், ஒரு துகள்தான் இருக்கு. ஆனா வெளிச்சம் காட்டினா இன்னும் சிவப்பாத்தான் தெரியுது. எப்படி சார்?"

பேராசிரியர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பக்கத்துல ஆள் இருக்கும்மா" என்றவர், பெஞ்சில் சற்று நகர்ந்து, மனைவி எப்போதும் உட்காரும் பக்கம் இடம் விட்டார்.