வாசலில் நஞ்சம்மா

கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. மைசூர் ஆஸ்பத்திரியின் குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு வெளியே, நடையில் அதை இழுத்துப் போட்டு ஆயா நஞ்சம்மா மருந்துத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தாள். ‘மீனா குழந்தை’ என்று ஒட்டியிருந்த சீட்டு நனைந்து உரிந்து, தரையில் கிடந்தது.

பிழிந்தெடுத்த தாய்ப்பாலைச் சின்னக் கிண்ணத்தில் ஏந்தி வந்த மீனா அப்படியே நின்றாள்.

“எம்பட புள்ள எங்கீங்க?”

“அய்யோ, தள்ளி நில்லவ்வா! கிருமி சாவுற மருந்து, கண்ணு எரியும். எந்தப் பெட்டியில யார் புள்ளைன்னு எனக்கென்ன தெரியும்? சிஸ்டரைக் கேளு.”

வார்டு வாசலில் மீனாவைத் தடுக்க இன்று யாருமில்லை. மற்ற நாட்களில் நஞ்சம்மா அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முழங்கை வரை சானிடைசரைத் தேய்க்க வைத்துத்தான் ஒவ்வொரு தாயையும் உள்ளே விடுவாள். மாதேஸ்வரன் மலை விபூதிப் பொட்டலத்தைக்கூடப் பிடுங்கி வைத்துக்கொண்டு, “சாமி கோவிச்சுக்க மாட்டாரு, சிஸ்டர்தான் கோவிச்சுக்குவாங்க” என்றவள் அவள்.

கை தேய்க்காமல் அந்த வாசலைத் தாண்டியது கௌதள்ளிக்காரி பொன்னம்மா ஒருத்திதான். அது நேற்று. “பரவால்லம்மா, கையெல்லாம் தேய்க்க வேண்டாம். அப்படியே வாங்கிக்கோ” என்று நர்ஸ் அனுப்ரியா மெல்லச் சொன்னதை மீனா கேட்டிருந்தாள். பொன்னம்மா ஏந்தி வந்த துணிச்சுருளில் அசைவே இல்லை.

மீனா உள்ளே நடந்தாள். அழுகை வரவில்லை. பால் கட்டிய மார்பு வலித்தது, அதுவும் வேறு யாருக்கோ வலிப்பது போலிருந்தது. கீழே டீக்கடையில் நிற்கும் கணவன் கவின்ராஜுக்குப் போன் செய்ய வேண்டும். கொள்ளேகால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனால், கண்டக்டர் என்னவென்று கேட்பானோ என்று யோசித்தாள். சொந்த ஊரான மார்டள்ளி போய்ச் சேரும் வரைக்கும் துணியை விலக்கிப் பார்க்கக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டாள்.

உள்ளறையிலிருந்து அனுப்ரியா வெள்ளைத் துணிச்சுருளோடு வந்தாள். அவள் மைசூரிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். முகக்கவசத்துக்கு மேலே அவளுடைய களைத்த கண்கள் மட்டும் தெரிந்தன.

“நானே உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன்க்கா. இனி பெட்டி வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க.”

“தெரியுமுங்க. குடுங்க.”

மீனா பால் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். அனுப்ரியா பதறிப்போய் இரண்டடி பின்வாங்கி, சுருளைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“கையைத் தேய்க்காம குழந்தையைத் தொடாதீங்கக்கா!”