அந்த அரை மடங்கு

"கையெழுத்துப் போடுறியா, இல்ல நாளையிலேர்ந்து வீட்டுல உக்காந்துக்கிறியா?"

மெல்லிய தகட்டில் இறக்கை செய்வதற்கான புது வரைபடத்தை முதலாளி நீட்டினார். அவர் தயாரிப்பது இரண்டு பேர் போகும் குட்டி விமானம்.

எதிரே நின்றவள் அதன் இறக்கையை வடிவமைத்தவள். பட்டறையில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ஒண்ணரை'. வானத்தில் அதிகபட்சம் எவ்வளவு பாரம் வருமோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு தாங்காத இறக்கையை வெளியே விடமாட்டாள். அப்படியொரு பயந்தாங்கொள்ளி!

பழைய தடித்த தகட்டில் செய்த இறக்கை பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. மேலே மணல் மூட்டைகள். காற்று தூக்குவதற்குப் பதில் மூட்டை அழுத்தும். இறக்கைக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்றரை மடங்குக்கான கடைசி மூட்டையும் ஏறியாயிற்று. இறக்கை வளைந்தது, முனகியது, ஒடியவில்லை.

"பாத்தியா, ஒடியல! அப்ப அந்த அரை தண்டம்தானே? தகட்டை மெலிசாக்கு. விமானம் லேசாகும், பெட்ரோல் மிச்சமாகும்."

"எல்லாத் தகடும் ஒரே மாதிரி வராது சார். ரிவெட் ஆணி அடிக்கிறவர் அசதியா இருப்பார். விமானி பதறிப்போய் விமானத்தை வெடுக்குன்னு மேல இழுத்துருவார். என் கணக்கே தப்பா இருக்கலாம்."

"கணக்குல சந்தேகம்னா உனக்கு எதுக்கும்மா சம்பளம்? எவ்வளவு வருமோ அவ்வளவு தாங்கினாப் போதும். மனுஷனுக்குக் கொஞ்சம் தைரியம் வேணும்!"

அவள் வரைபடத்தை வாங்கிக்கொண்டாள். பேனாவைத் திறக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று நின்றாள்.

தைரியசாலி முதலாளிக்கு அதற்குள் ஒரு ஆசை வந்துவிட்டது. மூட்டைமேல் கை வைத்தபடி ஒரு போட்டோ. பட்டறை ஃபோர்மேன் ஓர் ஏணியைக் கொண்டுவந்து போட்டார். முதலாளி முதல் படியில் கால் வைத்ததும் ஏணி கிறீச்சிட்டது.

"யோவ், இது எவ்வளவு தாங்கும்?"

ஃபோர்மேன் ஏணியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "நூறு கிலோ, முதலாளி."

"நானே நூறு கிலோய்யா!"

"அப்ப சரியா இருக்கு. ஏறுங்க."

முதலாளி பொத்தென்று தரையில் குதித்தார்.

"என்னைக் கொல்லப் பாக்குறியா? கொஞ்சமாவது கூடத் தாங்குற ஏணியாக் கொண்டு வாய்யா!"

ஃபோர்மேன் சிரிப்பை மூட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டார். 'ஒண்ணரை' கையெழுத்துப் போடாத வரைபடத்தை முதலாளியிடமே திருப்பி நீட்டினாள்.

"எவ்வளவு கூட, சார்?"