மிச்சம் ஐம்பது

மனைவியின் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினான் காளீஸ்வரன். ஒன்றுகூட விழவில்லை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு வாங்கிய நூறு மாத்திரை, நாளுக்கு ஒன்று. இன்றோடு ஐம்பது நாள்தான் ஆகிறது.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன் அவன். அளவு கூடினால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏ இசைவாணி! மிச்சம் அம்பது எங்க?"

அவன் மனைவி குனிந்து அடுப்பை ஊதினாள்.

அவளுக்குத் தைராய்டு என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்கு அவன்தான் அதிகாரி. பஸ் ஸ்டாண்டில் எவனோ கொடுத்த நோட்டீஸை அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டான். முட்டைக்கோஸ் கூடாது, மரவள்ளி கூடாது, கடலை கூடவே கூடாது. 'மாத்திரையை ஒழுங்காப் போட்டா எல்லாம் அளவாச் சாப்பிடலாம்' என்று டாக்டரம்மா சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

போன வாரம் அவன் அம்மாவுக்கு அரைத்த கடலைச் சட்னியை இசைவாணி ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டாள். அவன் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "இப்படி வாயக் கட்டி வாழுறதுக்குச் செத்தே போகலாம்" என்று அழுதாள். அந்தப் பேச்சு இப்போது அவன் நினைவுக்கு வந்தது.

அவளுக்கு இந்த வீட்டில் என்ன குறை? கண் விழித்ததும் கருப்பட்டிக் காப்பி கேட்டுக் கூப்பாடு போடுகிற அம்மா முருகம்மாள்கூட, இப்போதெல்லாம் மாத்திரை போட்ட மருமகளோடு ஒரு மணி நேரம் காத்திருந்துதான் குடிக்கிறாள். இப்படி ஒரு மாமியார் யாருக்கு வாய்க்கும்?

"ரெண்டு ரெண்டா முழுங்குனியா? சாகணும்னே முடிவு பண்ணிட்டியா?" அவன் குரல் உடைந்தது. "ஒனக்கு ஒண்ணுன்னா நான் என்னடி செய்வேன்?"

"சத்தியமா நாளுக்கு ஒண்ணுதாங்க போட்டேன்."

"அப்ப மிச்சம்?"

வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. தீபாவளி சீசனில் ஒரு நாள் லீவு போட்டாலும் போர்மேன் தாளித்துவிடுவார். அதையெல்லாம் பார்க்காமல் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"கெளம்பு ஆஸ்பத்திரிக்கு. இப்பவே!"

முருகம்மாள் காப்பித் தம்ளரை வைத்துவிட்டுக் குறுக்கே வந்து நின்றாள்.

"அவள விடுலே. மிச்சம் அம்பதும் நாந்தான் போட்டேன். எனக்கும் அதே சீக்கு, அதே மாத்திரைதான்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்தாக."

காளீஸ்வரன் இசைவாணியின் கையை விட்டான். "எங்கிட்ட ஏம்மா மறைச்சீக?"

முருகம்மாள் சுவரில் இருந்த நோட்டீஸைப் பார்த்தாள்.

"சீக்குக்குப் பயப்படலலே, ஒனக்குத்தான் பயந்தேன்."