பாதி வடை

தணிகாசலம் மாரடைப்பில் போய் இருபது நாள் ஆகியும், அவருடைய ஷூக்கள் வாசல் அலமாரியிலேயே இருந்தன. அவர் வளர்த்த நாய் பிரவுனி அவற்றின் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது.

"நாம ஒரு குறையும் வைக்கலையே," என்றது வலது கால் ஷூ. "தினமும் பூங்காவை ஆறு சுத்து ஓடினாரு. டாக்டர் சொன்னபடிதானே செஞ்சாரு?"

"பாதிதான் செஞ்சாரு," என்றது பிரவுனி. "ஓடி முடிச்சதும் சாப்பிடச் சொல்லி, அவரு வீட்டுக்காரம்மா டப்பாவுல அவிச்ச பச்சைப்பயறு குடுத்து விடுவாங்க. அதைக் காக்காய்க்குப் போட்டுட்டு வடைக் கடைக்குப் போயிடுவோம்."

"ஆமா. இவ்வளவு வேர்வை சிந்தினவனுக்கு மூணு வடை கூடவா கிடையாதுன்னு கேப்பாரு."

"அதுல பாதி வடை எனக்கு. சில நாள் வேணாம்னு நினைச்சு வீட்டுப் பக்கம் திரும்புவாரு. நான்தான் கடைப் பக்கம் சங்கிலியை இழுப்பேன்."

பிரவுனி ஷூவின் நாடாவை ஒரு தடவை நக்கியது.

"இன்னிக்குக் காலையில அவரு மக என்னை அந்த வழியா கூட்டிட்டுப் போச்சு," என்றது பிரவுனி. "என்னைப் பார்த்ததும் கடைக்காரர் பழக்கதோஷத்துல பாதி வடையைப் பிச்சுப் போட்டாரு."

"நீ என்ன பண்ணின?"

"மோந்து பார்த்துட்டு வந்துட்டேன்."

"நல்ல காரியம்."

பிரவுனி முகத்தை ஷூவுக்குள் புதைத்துக்கொண்டது. உள்ளேயிருந்து அதன் குரல் வந்தது.

"பொய் சொல்லிட்டேன். தின்னுட்டேன். வாலைக்கூட ஆட்டினேன்."