பெங்களூர் ஹெல்மெட்

“சைக்கிளுக்குப் போயி எதுக்குடா ஹெல்மெட்டு? நான் என்ன புல்லட்டா ஓட்டறேன்?”

அப்துல் சுபான் வாய்விட்டுச் சிரித்தார். மகன் கரீம் கட்டில் மேல் பரப்பி வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வெள்ளை ஹெல்மெட் ஒன்று. முட்டியில் கட்டிக்கொள்ள, பஞ்சு வைத்துத் தைத்த பட்டை ஒரு ஜோடி.

கரீமுக்குச் சிரிப்பு வரவில்லை. பெங்களூரில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த அர்ச்சுனன், போன மாதம் கடைக்குப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்தவன், திரும்பி வரவில்லை. லாரி மோதவில்லை, பஸ் மோதவில்லை. ஒரு குழியில் சக்கரம் இறங்கி, பின்மண்டை தரையில் பட்டது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் அத்தாவின் சைக்கிள்தான் கரீமுக்கு. கேரியரில் ஆளுயரத் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, கம்பைநல்லூரைச் சுற்றியுள்ள ஊரெல்லாம் சேலையும் ரவிக்கைத் துணியும் விற்கிறவர் அவர்.

“புல்லட்ல இருந்து விழுந்தாலும் மண்டைதான், சைக்கிள்ல இருந்து விழுந்தாலும் மண்டைதான் அத்தா.”

“விழுந்தாத்தானடா! கல்யாணத்துக்கு முன்னாடி ஏறுன சைக்கிளு. ஒரு நாள் கீழ போட்டதில்ல. இத மாட்டிக்கிட்டு கடைவீதியில போனா, சைக்கிள் கடை பச்சியப்பன் ‘என்ன பாய், சண்டைக்கா கெளம்பிட்டீங்க’ன்னு கேப்பான்.”

“கேக்கட்டும். எனக்கு உங்க தலை வேணும்.”

ரஹமத் பீவி டீ கொண்டுவந்தாள். ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தாள்.

“காலுல என்னம்மா?”

“வாசப்படி தடுக்கிடுச்சுப்பா” என்றவள், அதற்கு மேல் நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

சுபான் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஹெல்மெட்டைத் தூக்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

“ஏண்டா, தலை சின்னதா இருந்தா இந்த வாரை இறுக்கிக்கலாமா?”

“இறுக்கலாம். ஆனா உங்க தலைக்குச் சரியாத்தான் இருக்கும்.”

“தலையில துணி இருந்தா?”

“அதுக்கு மேலயே மாட்டிக்கலாம். தொப்பியக் கழட்ட வேணாம்.” அத்தா இவ்வளவு விசாரித்ததிலேயே கரீமுக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. “தினமும் போடுவீங்களா? அர்ச்சுனனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனவன் நானு. இன்னொரு தடவ என்னால முடியாது அத்தா.”

மகனின் குரல் உடைந்ததும் சுபானின் சிரிப்பு நின்றது.

“இது சும்மா கெடக்காதுடா. தினமும் ரோட்டுல போவும். போதுமா?”

சில மாதம் கழித்து, பக்ரீத்துக்குத்தான் மறுபடி லீவு கிடைத்தது. மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்துக் கம்பைநல்லூர் வந்து சேர்ந்தான் கரீம். பஸ்ஸிலிருந்து காலைக் கீழே வைத்ததுமே கண்ணில் பட்டார் அத்தா. பச்சியப்பன் கடை வாசலில், சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு காலை ஊன்றிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். தலையில் தொப்பி மட்டும்தான்.

கரீமுக்குச் சுருக்கென்றது. கடைவீதி என்றும் பார்க்கவில்லை.

“வார்த்தை குடுத்தீங்களே அத்தா! எங்க அது? பொட்டியில வெச்சுப் பூட்டிட்டீங்களா?”

சுபானுக்குக் கோபம் வரவில்லை. மீசையில்லாத முகம் முழுக்கச் சிரிப்பு.

“பாய், தம்பிக்கு இன்னுமா சொல்லல?” என்றார் பச்சியப்பன்.

“கண்ணால பாக்கட்டும்னுதான் எழுதல.”

“தம்பி, மொதல்ல ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். இப்ப ஒருத்தன் சிரிக்கட்டும் பாப்போம்!”

கரீமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்னங்க சொல்றீங்க? போடாத ஹெல்மெட்டுக்கு இவ்ளோ பேச்சா?”

“என் தலைய வுடுடா” என்றார் சுபான். “வூட்டுல அதவிடப் பெரிய தலை ஒண்ணு இருக்குதே, அத மொதல்ல காப்பாத்த வேணாமா?”

அரூர் ரோட்டுப் பக்கமிருந்து சைக்கிள் மணி விடாமல் அடித்தது. கடைவீதிக் கூட்டம் இரண்டாக ஒதுங்கி வழிவிட்டது. கேரியரில் ஜவுளி மூட்டை ஆட, முக்காட்டுக்கு மேல் இறுக்கிக் கட்டிய வெள்ளை ஹெல்மெட்டோடு, முன்னே நின்ற மாட்டு வண்டியைச் சுற்றி வளைத்து இன்னொரு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தாள் ரஹமத் பீவி.

“என் வியாபாரத்துல பாதி ஊரப் புடுங்கிட்டாடா உங்கம்மா!” என்று கடைவீதிக்கே கேட்கிற மாதிரி சொன்னார் சுபான்.